டிரைவர் பக்கத்து சீட்

வீட்டிலுள்ள காலணிகளுக்கெல்லாம் பாலிஷ் போடுவது தங்கராஜின் வேலை. பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்று, பிறகு புனே பக்கம் சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டி, அதிலிருந்தும் நின்று, ஷூ மாட்டிக்கொண்டு போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல் போன எழுபது வயதிலும் அவர் அதை விடவில்லை. காலை டீ குடித்த கையோடு பால்கனியில் பழைய பேப்பரை விரிப்பார். கிழிந்த பனியன் துணி, மூடி நசுங்கிய பாலிஷ் டப்பா, முடி தேய்ந்த பிரஷ். முதலில் தன் கறுப்பு ஷூ. அப்புறம் சந்திரிகா கல்யாணங்களுக்குப் போட்டுக்கொள்ளும் தோல் செருப்பு. பாலிஷ் ஏறாத ரப்பர் செருப்பைக்கூட ஈரத் துணியால் துடைத்து, மூக்கு சுவரைப் பார்க்க வரிசையாக நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அன்றைக்கு சந்திரிகா டீ டம்ளரை எடுக்கப் போனபோது, இடது கையில் ஷூவைக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் பிரஷ். பிரஷ் நகரவில்லை. ஜனவரி வெயில் வானவடி ராணுவக் குடியிருப்பின் மரங்களுக்கு மேலாக வந்து, பாலிஷ் ஏறிய அந்த ஒற்றை ஷூவின் மேல் மட்டும் உட்கார்ந்திருந்தது. இன்னொரு ஷூ தூசியோடு மூலையில் கிடந்தது.

"இன்னாங்க, ஒரு காலுக்குத்தானா பாலிஷ்?"

அவர் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். "இன்னொண்ணு பின்னாடி வண்டியில வருது" என்றார்.

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறைக்குப் போய் பருப்பு களையும்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வேடிக்கை பேசி அவள் கேட்டதே இல்லை.

பேசாதவர் என்று சொல்ல முடியாது. "உப்பு" என்பார். "கரண்ட் பில்" என்பார். "இந்தா, கதவு" என்பார். மனைவியின் பெயர் அவர் வாயில் "இந்தா" என்று ஆகி நாற்பது வருஷம் ஆகிறது. குடியாத்தத்தில் கல்யாணம் ஆன புதிதில், எங்கோ காஷ்மீருக்கு அந்தப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் லீவில் வரும்போதெல்லாம், "அங்கெல்லாம் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்பாள். "குளிரும்" என்பார். புனேவுக்கு மாற்றலாகி, குவார்ட்டர்ஸ் கிடைத்து, மகள் பொற்கொடி மராட்டிப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போய், பிறகு இங்கேயே இரண்டு அறை வீடு ஒன்று வாங்கி, சந்திரிகா அக்கம்பக்கத்து ஆபீசர் வீட்டம்மாக்களுக்குப் புடவை ஃபால் தைத்துக் கொடுத்துக் கண்ணாடி போடும் வயதுக்கு வந்த பிறகும், அந்தக் 'குளிரும்' என்ற சொல்லைத் தாண்டி அவர் நகரவில்லை.

அவள் ஆசைப்பட்டது பெரிய விஷயமும் இல்லை. அவர் ஓட்டும் வண்டியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை போக வேண்டும். அவ்வளவுதான். "சர்க்கார் வண்டி, பொண்டாட்டிய ஏத்த முடியாது" என்று பட்டாளத்தில் இருந்தவரைக்கும் சொன்னார். கம்பெனி பஸ்ஸுக்கு வந்த பிறகு அது, "ஸ்டாஃபுக்குத்தான் வண்டி" என்று மாறியது. ஒரு மழை நாளில் சோலாப்பூர் ரோட்டு ஸ்டாப்பில் அவள் நனைந்துகொண்டு நிற்க, அவருடைய பஸ் வந்தது. ஹார்ன் ஒன்று அடித்தது. நிற்காமல் போனது. அந்த ஹார்ன் தனக்காக அடித்ததா, குறுக்கே வந்த ஸ்கூட்டருக்காகவா என்று அவள் ரொம்ப நாள் யோசித்ததுண்டு. கேட்கவில்லை. கேட்டாலும் "ஹார்ன்" என்று சொல்லியிருப்பார்.

அந்த வருஷம் சங்கராந்திக்கு வீடு வீடாக எள்ளுருண்டை வந்தது. கூடவே சளியும் வந்தது. கட்டடம் முழுக்க இருமல். கீழ் வீட்டுக் குழந்தை இருமினால் மேல் வீட்டில் யாராவது பதில் இருமுவார்கள். தங்கராஜுக்கும் மூக்கு ஒழுகி, தொண்டை கட்டி, இரண்டொரு நாளில் மூக்கு நின்றது. இருமல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பெரிய இருமல்கூட இல்லை. மூடிய கதவை யாரோ விரலால் தட்டுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

உடம்பு விஷயத்தில் அந்த வீட்டுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பட்டாளத்தில் காலையில் 'சிக் ரிப்போர்ட்' என்று நோயாளிகளை வரிசையில் நிறுத்துவார்கள். காய்ச்சல் இருந்தால் படுக்கை. இல்லையென்றால் டாக்டர் சீட்டில் 'எம் அண்ட் டி' என்று எழுதித் தள்ளிவிடுவார். மெடிசின் அண்ட் ட்யூட்டி. மாத்திரையை விழுங்கு, வேலையைப் பார். தங்கராஜ் அந்தச் சட்டத்தை ஒரு பாதரச தெர்மாமீட்டரோடு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பஞ்சு வைத்து அதைப் பத்திரப்படுத்தியிருந்தார். சந்திரிகா தலைவலி என்றால் அது வாய்க்குள் போகும். வெளியே எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பார். "தொண்ணூத்தெட்டு. எம் அண்ட் டி." அவள் எழுந்து தோசை ஊற்றுவாள். பொற்கொடிக்குப் பரீட்சைக்கு முன்னால் வருகிற வயிற்றுவலியெல்லாம் இந்தக் கோர்ட்டில்தான் தள்ளுபடியானது.

ஆகவே அன்று மத்தியானம் அவர் சோறு வேண்டாம் என்று படுத்தபோது, சந்திரிகா தெர்மாமீட்டரை உதறி அவர் நாக்கின் அடியில் வைத்தாள். வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றேழுதான்.

"எம் அண்ட் டி" என்றாள், கொஞ்சம் சந்தோஷத்தோடு. அவரிடம் இதைச் சொல்ல அவளுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை எடுத்து, படுக்கைக்குப் பக்கத்தில் எதையோ பிடித்து முன்னால் தள்ளினார். கியர்.

"ஏறி ஒக்காரு" என்றார். "கதவ நல்லா இழுத்து சாத்து. காத்து வருது."

சந்திரிகா கையில் புடவையோடு நின்றிருந்தாள். கர்னல் வீட்டம்மாவின் நீலப் பட்டு, இரண்டு நாளில் ஃபால் தைத்துக் கொடுக்க வேண்டியது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலுக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தோம் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. கதவும் சாத்தினாள். உண்மையாகவே காற்று வந்துகொண்டிருந்தது.

அப்படித்தான் அந்த மத்தியானங்கள் ஆரம்பித்தன.

ஜன்னல் திரை வெயிலில் வெளுத்து அறை முழுக்க ஒரு பால் வெளிச்சம். அவர் கண் பாதி மூடியிருக்கும். மூச்சு, சரிவில் ஏறும் லாரி மாதிரி, குட்டைக் குட்டையாக முக்கி முக்கி வரும். சந்திரிகா அதைக் கேட்டுக்கொண்டே ஊசி போட்டாள். அவர் ஓட்டிய பட்டாளத்துச் சக்திமான் லாரி இப்படித்தான் மூச்சு விடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"கீழ எட்டிப் பாக்காத, தலை சுத்தும். ஆறு போவுது பாரு."

அவர் கை நீட்டிய இடத்தில் அவள் மடியிலிருந்து தரைக்கு நீலப் பட்டு வழிந்துகொண்டிருந்தது. ஜரிகை ஓரம் வெயிலில் மின்னியது. அவள் கால் விரலை அதிலிருந்து நகர்த்திக்கொண்டாள்.

"என்னா ஆறுங்க?"

"சிந்து. இப்ப பச்சையா இருக்கும். ஒரு மாசம் போனா கல்லாட்டம் ஒறைஞ்சிடும். அதும்மேல ஆட்ட ஓட்டிட்டுப் போவாங்க."

"ஆட்டையா!"

"ஆட்டைத்தான். பின்ன ஆறு சும்மாவா படுத்திருக்கும்?"

சோஜிலா கணவாய் என்றார். த்ராஸ் என்றார். முன்வண்டியின் சக்கரத் தடத்தை விட்டு ஒரு சாண் விலகினாலும் பள்ளம் என்றார். பனி பெய்யும்போது சத்தமே இருக்காது, வண்டிச் சத்தத்தைக்கூடப் பனி தின்றுவிடும் என்றார். பின்வண்டியில் அரிசி மூட்டை, அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய், அதற்கும் பின்னால் தபால். அறைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் ஏறின. சந்திரிகா பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே மலைப்பாதை வளைந்து போவதைப் பார்த்தாள். அவளுக்குத் தூக்கம் கண்ணைச் செருகியது.

"தூங்காத" என்றார் உடனே. "பக்கத்துல ஒக்காந்தவங்க தூங்கினா ஓட்றவனுக்கும் தூக்கம் வரும். கைய குடு. ஐயோ, ஐஸாட்டம் இருக்குதே கண்ணு."

அவள் கை சில்லிட்டிருக்கவில்லை. அவர் கைதான் சில்லிட்டிருந்தது. ஆனாலும் அவர் அதைத் தன் இரண்டு கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்துவிட்டார். கண்ணு. அந்தச் சொல்லை சந்திரிகா முந்தானையில் முடிந்துகொள்வது மாதிரி உள்ளே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் படுக்கை நனைந்திருந்தது. "ரேடியேட்டர் ஒழுவுது" என்றார். அவள் விரிப்பை உருவித் துவைத்துக் காயப்போட்டாள். கஞ்சி கொடுத்தால் இரண்டு கரண்டியோடு வாயை மூடிக்கொண்டார். காலையில் நெடுநேரம் தூங்கினார், எழுப்பினால் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். அவள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றேழுக்குக் கொஞ்சம் கீழேகூட இருந்தது. காய்ச்சல் இல்லாத உடம்பில் நோய் எங்கே இருக்கும்? வயசாகிவிட்டது, மனசு இளகிவிட்டது என்று வைத்துக்கொண்டாள். மத்தியானம் ஸ்டூலை அவளே இழுத்துப் போட்டாள். தலைகூட வாரிக்கொண்டிருந்தாள்.

பொற்கொடியிடமிருந்து அன்று போன் வந்தது. சிஞ்ச்வட்டில் ஒரு பேங்கில் வேலை, கௌண்டர் மூடிய பிறகு வாரத்தில் இரண்டு தடவை கூப்பிடுவாள். அப்பாவோடு பேசும் வழக்கமில்லை. அவரும் போனைத் தொடமாட்டார். ஆனால் அன்றைக்கு தங்கராஜ் கட்டிலிலிருந்து கையை நீட்டினார். கம்பி எட்டியவரைக்கும் இழுத்து சந்திரிகா ரிசீவரை அவர் காதில் வைத்தாள்.

"சாப்ட்டியா கண்ணு?" என்றார் போனில். "ரோட்டுல ஐஸ் இருக்கும். மெதுவா வா." ரிசீவரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

சந்திரிகாவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சுருக்கென்று ஒரு கோபம். அந்தச் சொல் தனக்குக் கொடுத்தது என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் ரிசீவரை எடுத்தபோது, மகள் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தாள். "அம்மா! அப்பாவுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. நல்லா பேசிட்டிருக்காரு."

"அதான் கேக்கறேன். ஏன் பேசறாரு? என்கிட்ட சாப்ட்டியான்னு கேட்டாரும்மா! என் கல்யாணத்துலகூட கேக்கல. ஒடம்பு தபியத் சரியில்ல, எழுதி வெச்சுக்கோ."

"காய்ச்சலே இல்லடி. ரெண்டு நாளா பாக்கறேன்."

"அந்த தெர்மாமீட்டர தூக்கி வெளிய போடு. மூச்சு எப்படி வருது? பக்கத்துல போய்ப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

சந்திரிகா போனாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள். மூக்கு ஓரங்கள் விரிந்து விரிந்து மூடின. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே வயிறு குழி விழுந்து எழுந்தது. உதட்டில் லேசாக ஒரு நீலம். திரை வழியாக வந்த வெளிச்சம் அதே பால் வெளிச்சம்தான். ஆனால் மலை இல்லை, ஆறு இல்லை, கையில் இருந்தது கர்னல் வீட்டம்மாவின் புடவை. அவள் அதைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்து, "வாடி, சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னாள்.

பொற்கொடியும் அவள் புருஷன் முகுந்தும் மாருதி வேனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பின்சீட்டில் அவரைச் சாய்த்து, அவர் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு சந்திரிகா உட்கார்ந்தாள். தெரு முக்கில் வேன் குலுங்கியபோது தங்கராஜ் ஒரு கண்ணைத் திறந்தார்.

"யாரு ஓட்றது?"

"மாப்பிள்ளைங்க."

"கியர் மாத்தத் தெரியல" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முகுந்த் கண்ணாடியில் பார்த்து, "மாமா டீக் ஹோ ஜாயேங்கே" என்றான், குணமாகிவிடுவார் என்று. பொற்கொடி சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

மிலிட்டரி ஆஸ்பத்திரியில் அன்று பார்த்தவள் கேப்டன் ராங்கில் ஒரு சின்னப் பெண் டாக்டர். பொற்கொடி வயதுகூட இருக்காது. அவருடைய முதுகில் காதுக்குழலை வைத்துக் கேட்டாள். விரலில் ஒரு கிளிப் மாட்டினாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். வலது நெஞ்சின் அடியில் பஞ்சு அடைத்தது மாதிரி ஒரு வெள்ளை. சந்திரிகாவுக்கு அது பனி விழுந்த இடம் போலத் தெரிந்தது.

"நிமோனியா, மாதாஜி. எத்தனை நாளாக இப்படி?" என்று இந்தியில் கேட்டாள்.

"புகார் நஹீ தா" என்றாள் சந்திரிகா. காய்ச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை என்று அதையே இரண்டு தடவை சொன்னாள்.

டாக்டர் தலையாட்டினாள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் வந்தே தீரும் என்று இல்லை, சண்டை போட உடம்பில் வலு இருந்தால்தான் சூடு ஏறும் என்றாள். சாதாரணச் சளியாக ஆரம்பித்து நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அப்போது பசி போகும், தூக்கம் அதிகமாகும், மூச்சு வேகமாகும், பேச்சு மாறும். இருக்கிற இடம் தெரியாமல் பேசுவார்கள். நிறையப் பேர் அதை வயசு என்று விட்டுவிடுகிறார்கள். "பேச்சு மாறியதா?"

"மாறியது" என்றாள் சந்திரிகா.

"என்ன பேசினார்?"

சந்திரிகா, "வண்டி" என்றாள். அதற்கு மேல் அவளால் அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் வெளியே பொற்கொடியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது இவள் காதிலும் விழுந்தது. சந்திரிகா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தலை வாரிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்த தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, எழுந்து போய் அவருடைய கால்களைப் போர்வையால் மூடினாள்.

ஆஸ்பத்திரியிலும் சில நாள் அவர் ஓட்டினார். ஆனால் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மூச்சு நீளமாகி, சரிவு முடிந்து சமவெளிக்கு வந்த வண்டி மாதிரி ஆகியது. ஒரு காலை சந்திரிகா ஃபிளாஸ்க்கோடு உள்ளே போனபோது, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, என் ஷூ எங்க?"

சந்திரிகாவுக்குத் தெரிந்துவிட்டது, குணமாகிவிட்டார். ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர் பார்ப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் அவர் நெற்றியைத் தொட்டு, கும்பிட்டுக்கொண்டாள். சந்தோஷம்தான். அதில் ஒரு குறையும் இல்லை. திரும்பி நின்று டீ ஊற்றும்போது மட்டும், யாரையோ ரயிலேற்றிவிட்டு வந்தது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் போயிருக்கும். அடுத்த குளிருக்கு முன்னால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாள். பொற்கொடி அதைக் காலண்டரில் பெரிதாக எழுதிவிட்டுப் போனாள், தெர்மாமீட்டரையும் கையோடு எடுத்துப் போய்விட்டாள். பாலிஷ் போடாமல் கிடந்த இன்னொரு ஷூவுக்கு சந்திரிகாவே பாலிஷ் போட்டிருந்தாள். இரண்டும் ஒரே மினுக்காக இல்லை.

மத்தியானம். அதே ஜன்னல், அதே வெளுத்த திரை. தங்கராஜ் தலையணையில் சாய்ந்து கேழ்வரகுக் கஞ்சி குடித்தார். "உப்பு" என்றார். அவள் உப்பு கொண்டுவந்து போட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கு இடது பக்கம்.

"சோஜிலா தாண்டினா ரோடு எறக்கமாமே?" என்றாள்.

டம்ளர் பாதியில் நின்றது. "ஒனக்கு யார் சொன்னது?"

"நீங்கதான்."

"நானா? எப்ப?"

"ஒடம்பு சரியில்லாதப்ப. இங்கதான் படுத்துனு வண்டி ஓட்டினீங்க. மலையெல்லாம் ஏறுச்சு. பக்கத்து சீட்டுல ஒருத்தர ஒக்கார வெச்சிக்கினு." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "கண்ணுன்னு கூப்ட்டீங்க. கையத் தேய்ச்சு விட்டீங்க. யாருங்க அது?"

அவர் அவளையே பார்த்தார். எதையாவது மறைக்கும்போது தங்கராஜ் காது மடலைச் சொறிவார். இப்போது கை போர்வையின் மேல் சும்மா கிடந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. அது தெரிந்த ஆள் இவர் இல்லை. அந்த ஆள் த்ராஸுக்கு அப்பால் எங்கேயோ, பச்சை ஆற்றோரமாகப் போய்விட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நாற்பது வருஷத்துக்கு முன் கூட வந்த எவனோ ஒரு சிப்பாயாக இருக்கலாம். பொற்கொடியாக இருக்கலாம். நீலப் பட்டை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிவழிந்த ஒருத்தியாகவும் இருக்கலாம்.

"எனக்கு ஒண்ணும் நெனவில்லியே" என்றார் தங்கராஜ். குரலில் ஒரு கலக்கம் இருந்தது. தான் இல்லாதபோது தன் வீட்டுக்குள் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். "கண்ணுன்னா? நானா கூப்ட்டேன்?"

சந்திரிகா கையை நீட்டினாள். அவர் டம்ளரைக் கொடுத்தார்.

"இன்னா சொன்னேன்? எதாவது ஒளறினேனா?"

அவள் டம்ளரின் விளிம்பில் ஒட்டியிருந்த கஞ்சியைக் கட்டை விரலால் வழித்தாள். சொன்னால் அவர் கேட்பார். கேட்டுவிட்டு, அதை வெளிச்சத்தில் ஒரு உருட்டு உருட்டிப் பார்த்து, ஒரே சொல்லில் தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

"இந்தா, ஒன்னத்தான். நான் இன்னா சொன்னேன்? யார்கிட்ட பேசினேன்?"

சந்திரிகா ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். காற்று வராமல் ஜன்னலைச் சாத்தினாள். டம்ளரை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.